மண்ணை அறிவோம், மனையை அறிவோம், உரிமையை அறிவோம்
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். நான் மண்ணைப் பற்றிப் பேச விழைகின்றேன். நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கற்ற முதற்பாடம் மண்தான். அப்பாடத்திற்கு யாரும் அவர்களுக்குச் சான்றிதழ் வழங்கவில்லை, அவ்வளவே வேறுபாடு.

நம் செங்கற்பட்டு மாவட்டம் 2019ஆம் ஆண்டு காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. இம்மாவட்டத்தின் மண்ணை நான்கு வகையாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, மேட்டுப் பாங்கான பகுதிகளில் உள்ள செம்மண். பழம் பாறைகள் சிதைந்து உண்டான இம்மண்ணுக்குச் சிவப்பு நிறத்தைத் தருவது அதில் கலந்துள்ள இரும்பு ஆக்சைடு. நீர் இதில் எளிதில் வடியும், ஆனால் தங்காது. தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. வேர்க்கடலை, எள், கேழ்வரகு, உளுந்து, மா ஆகியவை இதில் நன்கு வரும். கடலையின் காய்கள் மண்ணுக்குள் இறங்கி முதிர்வதால், இளகிய செம்மண் அதற்கு ஏற்றது. பயிருக்கு 40 முதல் 45 நாள் ஆகும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் பொக்குக் காய்களைக் குறைத்துப் பருப்பைத் திரட்சியாக்கும்.

இரண்டாவது, ஏரிப் பாசனத்தில் உள்ள களிமண். ஈரம் காக்கும் இம்மண் நெல்லுக்கு உரியது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் பருவங்கள் நம் வட்டாரத்து உழவர் நாவில் இன்றும் வழங்குகின்றன. மதுராந்தகம் ஏரியின் கீழுள்ள வயல்கள் இதற்கு எடுத்துக்காட்டு. வேடந்தாங்கல் ஏரியில் வந்து தங்கும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது. அதனாலேயே அவ்வூரார் அப்பறவைகளைப் பல தலைமுறைகளாகக் காத்து வந்தனர்.

மூன்றாவது, பாலாற்றங்கரை வண்டல் மண். காய்கறியும் கரும்பும் அங்கு விளையும்.

நான்காவது, கடலோர மணல். சவுக்கு, முந்திரி, தென்னை, பனை, தர்ப்பூசணி ஆகியவை இதில் வளரும். சவுக்கின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துத் தருவதால், வறிய மணலிலும் அம்மரம் ஓங்குகிறது. செய்யூர்ப் பக்கம் போன்ற தாழ்ந்த பகுதிகளில் உவர் நிலங்களும் உண்டு. உவர் வேறு, களர் வேறு என்பதை நினைவில் கொள்ளுங்கள். உப்பு மிகுந்தது உவர். அதை நன்னீர் பாய்ச்சிக் கழுவி, வடிகால் அமைத்துத் திருத்தலாம். சோடியம் மிகுந்து இறுகியது களர். அதற்கு ஜிப்சமும், தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரமும் வேண்டும்.

இளைஞர்களே! இனி என் இல்லத்துச் செய்தி ஒன்றைக் கூறுகின்றேன். என் தந்தையார் ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பார்த்தே, இதில் இன்ன பயிர் வரும் என்று சொல்லி விடுவார். அவர் சொல் பிழைத்ததை நான் கண்டதில்லை. ஆனால் அவர் வாழ்நாள் முழுதும் பிறர் நிலத்தில் கூலியாகவே உழைத்தார். என் பாட்டனாருக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் நிலம் இருந்தது. மகள் திருமணத்திற்குக் கடன் வாங்கியபோது, அடமானம் என்று எண்ணி ஒரு தாளில் கைநாட்டு வைத்தார். அது கிரயப் பத்திரம் என்பது பின்னரே தெரிந்தது. அதே நிலத்தில் என் தந்தையார் கூலிக்குக் கடலை பிடுங்கினார். அந்தக் கடலையை உரித்துத் தின்ற சிறுவன்தான் இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

அந்நிலம் பஞ்சமி நிலம் என்பதை நான் ஆசிரியனான பிறகே அறிந்தேன். 1891ஆம் ஆண்டு, இதே செங்கற்பட்டின் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். மிராசுதாரர்கள் தரிசு நிலத்தைக்கூட நம்மவர் பெறவிடாது தடுத்ததை அதில் எடுத்துரைத்தார். அதன் பயனாக 1892ஆம் ஆண்டு அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தரிசு நிலங்கள் வழங்கப்பட்டன. முதல் பத்தாண்டுகள் அவற்றை எவருக்கும் விற்கக் கூடாது. அதன் பின்னரும் நம்மவருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அவ்விற்பனை செல்லாது. இவை நிபந்தனைகள். என் பாட்டனார் வைத்த கைநாட்டுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்ல எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவருமில்லை.

1994ஆம் ஆண்டு காரணையில் எழுந்த பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது, காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். நிலம் எவ்வளவு விலையுள்ளது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஆகவே உங்களிடம் இரு வேண்டுகோள்கள் வைக்கின்றேன். ஒன்று, உங்கள் குடும்பத்தில் அரை ஏக்கர் இருந்தாலும் அம்மண்ணைப் பரிசோதனை செய்யுங்கள். வரப்பு, மரநிழல், எருக்குழி ஆகியவற்றை விலக்கிப் பல இடங்களில் ‘வி’ வடிவில் அரையடி ஆழம் தோண்டி மண் எடுங்கள். அவற்றை ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோ மண்ணை ஆய்வகத்திற்கு அனுப்புங்கள். செம்மண் நிலமாயின், உரிய அனுமதி பெற்று ஏரி வண்டலை இடுங்கள்.

இரண்டு, உங்கள் ஊரின் பழைய நிலப் பதிவேட்டைப் பாருங்கள். உங்கள் பாட்டனார் பெயர் அதில் எங்கே இருக்கிறது, நிலத்தின் வகை என்னவென்று எழுதப்பட்டுள்ளது என்பதைத் தேடுங்கள். நகல் கிடைக்காவிடில், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் உள்ளது.

என் தந்தையாருக்கு மண்ணைப் படிக்கத் தெரிந்தது; தாளைப் படிக்கத் தெரியவில்லை. உங்களுள் பலருக்குத் தாளைப் படிக்கத் தெரிகிறது. மண்ணை மறந்து வருகின்றீர்கள். இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேரும் நாளே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்ததன் பயன் கைகூடும் நாள்.