நோய்க் காலத்துத் திருக்கோயிற் கடன்

(திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள் தஞ்சை இராசராசேச்சரத்தில் திருக்குட நன்னீராட்டு நிகழ்ந்தது. 23 ஆண்டுகளுக்குப் பின் வாய்த்த பெருவிழா ஆதலின், பல நூறாயிரம் மக்கள் அந்நகரில் திரண்டனர். விமானத்தின் முடியில் நன்னீர் சொரிந்தபோது எழுந்த 'சிவ சிவ' என்னும் முழக்கம் செவியை விட்டு நீங்கவில்லை. அதற்குள், ஏறத்தாழ ஆறு வாரத்தில், மார்ச்சுத் திங்களின் நடுவில், அதே திருக்கோயிலின் வாயில் அடியார்க்கு அடைக்கப்பட்டது. அம்மாதம் 11ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம் கொரோனா நோயை உலகப் பெருந்தொற்று என அறிவித்திருந்தது. 24ஆம் நாள் நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கிற்று. தமிழகத்துத் திருக்கோயில்கள் அனைத்தும் மக்கள் வரவின்றி நின்றன.

அந்நாளில் முதியோர் பலர் வாய்விட்டுக் கேட்ட வினா ஒன்று உண்டு. "ஊருக்கு நோய் வந்தால் ஓடி வந்து நிற்கும் இடம் கோயில்; அந்தக் கோயிலையே பூட்டிவிட்டால் எங்கே போய் நிற்பது?" என்பது அவ்வினா. இதனை அறியாமை என்று தள்ளுதல் தகாது. கோவை நகரில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயராலேயே கோயில்கள் உள்ளன. கொள்ளை நோய்க்கு அஞ்சியவர் தெய்வத்தின் திருமுன்னரே அடைக்கலம் தேடினர் என்பதற்கு அப்பெயரே சான்று. அவ்வாறு வழிவழி வந்த மக்களுக்கு அடைத்த கதவு பெருந்துயரம் தந்தது இயல்பே ஆகும்.

ஆயினும், அடைக்கப்பட்டது கதவேயன்றிப் பூசை அன்று. ஆகமங்கள் வழிபாட்டை ஆன்மார்த்தம், பரார்த்தம் என இருவகைப்படுத்தும். தன் பொருட்டுத் தன் இல்லத்தில் செய்வது ஆன்மார்த்தம். உலகத்து உயிர்கள் அனைத்தின் பொருட்டும் திருக்கோயிலில் செய்யப்படுவது பரார்த்தம். காண்பார் ஆயிரவர் ஆயினும், ஒருவரும் இலர் ஆயினும் பரார்த்த பூசையின் பயன் குன்றுவதில்லை. அந்நாள்களில் சிவாசாரியர்கள் வெறிச்சோடிய தெருக்களைக் கடந்து, பக்கக் கதவு வழியே உட்சென்று, காலந்தோறும் திருமுழுக்காட்டி, அமுது படைத்துத் தீபம் காட்டினர். மணியோசை கேட்டு வீட்டிலிருந்தவாறே கைகுவித்தோர் எத்துணையோ பேர். நாள் வழிபாடாகிய நித்தியம் நின்றதில்லை. விழாக்களாகிய நைமித்திகமே சுருங்கிற்று. மதுரையில் 4-5-2020 அன்று மீனாட்சியம்மை திருக்கல்யாணம் சிவாசாரியர் சிலரைக் கொண்டே நிகழ்ந்தது. மக்கள் அதனைத் தத்தம் இல்லங்களிலிருந்து தொலைக்காட்சியிலும் இணையத்திலும் கண்டனர். திருக்கல்யாண வேளையில் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் மகளிர் அவ்வாண்டு வீட்டுப் பூசையறையிலேயே மாற்றிக்கொண்டனர். திருவண்ணாமலையில் 29-11-2020 அன்று தீபம் ஏற்றப்பட்டது. மலையேற மக்களுக்கு இசைவு இல்லை.

கண்ணால் காணாத வழிபாடு வழிபாடாகுமோ என்று ஐயுறுவார்க்குத் திருநின்றவூர்ப் பூசலார் வரலாற்றினும் வேறு விடை வேண்டுவதில்லை. காடவர்கோன் காஞ்சியில் எடுத்த கற்றளிக்குக் குறித்த நாளைச் சிவபெருமான் தள்ளி வைக்கச் செய்து, பூசலார் உள்ளத்துள் எடுத்த கோயிலில் எழுந்தருளினார் என்பது பெரியபுராணம். இதில் பலர் நினையாது விடும் செய்தி ஒன்று உண்டு. பூசலார் முதலிலேயே மனக்கோயில் எடுக்கத் தொடங்கினாரல்லர். பொருள் தேடி எங்கும் அலைந்து, பெறாது வருந்திய பின்னரே உள்ளத்தில் கல்லும் மரமும் சேர்த்தார். கையால் செய்யக்கூடிய பணி இருக்கும்போது மனத்தால் செய்தோம் என்பார்க்கு அவர் துணையாகார்.

இனி நோயைப் பற்றிய கருத்துக்கு வருவோம். "அடியாரை நோய் அணுகாது, ஆதலின் கூடி நின்று தொழலாம்" என்று ஒரு சாரார் அந்நாளில் உரைத்தனர். "வந்தது வினை, மருந்தும் விலகி நிற்றலும் எதற்கு?" என்று மற்றொரு சாரார் உரைத்தனர். இரண்டும் சைவம் அன்று. நோய் அணுகாது என்பது மெய்யாயின் நாவுக்கரசருக்குச் சூலை வந்திராது. வினையென்று வாளா இருக்கலாம் என்பது மெய்யாயின் கொடிமாடச்செங்குன்றூரில் நிகழ்ந்தது நிகழ்ந்திராது.

கொடிமாடச்செங்குன்றூர் என்பது இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள திருச்செங்கோடு. ஞானசம்பந்தப் பெருமான் அடியார் புடைசூழ அங்கே தங்கியிருந்த காலம் பனிக்காலம். குளிர் சுரம் அந்நாட்டில் பரவி, உடன் வந்த பரிசனத்தாரையும் பற்றிற்று. இப்பருவத்தில் இந்நிலத்துக்கு இது இயல்பு என்பது அங்கு வழங்கிய சொல். பிள்ளையார் அச்சொல்லைக் கேட்டு அமைந்தாரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச்செய்தார். முன்னை வினைக்கு இது பயன் என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழி நாடாதிருத்தல் குறைபாடே என்பதும், கையால் ஆற்றும் தொண்டோடு கழல் போற்றுதல் வேண்டும் என்பதும் அப்பதிகத்தின் தொடக்கத்திலேயே அமைந்த கருத்து. வினைக் கொள்கையை மடிக்குப் போர்வையாக்குவார் அதனைச் சற்றே ஊன்றி ஓதுதல் நலம்.

அதனினும் பெரிய செய்தி அதன் பின் நிகழ்ந்தது. நோயுற்றோர் பிள்ளையாருடன் வந்த பரிசனத்தார். நோய் நீங்கியதோ அவர்க்கு மட்டும் அன்று, அவ்வூரார்க்கு மட்டும் அன்று, அந்நாடு முழுவதற்கும் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். கொள்ளை நோயின் இயல்பை நோக்குவார்க்கு இதன் அருமை விளங்கும். ஒருவர் மூச்சில் உள்ளது அடுத்தவர் மூச்சில் புகும் நோய்க்குத் தன் வீடு, தன் சுற்றம், தன் தெரு என்னும் வேலி இல்லை. ஏழையின் குடிசையில் தீராத நோய் செல்வர் மாளிகையிலும் தீர்ந்ததாகாது. நாடெல்லாம் தீரும்போதுதான் பரிசனத்தாருக்கும் தீரும்.

கொரோனா நோய் பெரும்பாலும் பேச்சிலும் இருமலிலும் மூச்சிலும் வெளிப்படும் நுண்துளிகளால், காற்றோட்டம் குறைந்து மக்கள் நெருங்கிய இடங்களில் பரவுவது. திருக்கோயிலின் அமைப்பை எண்ணுக. திறந்த வெளியாகிய திருச்சுற்றில் காற்றுக்குக் குறைவில்லை. அர்த்தமண்டபத்தை ஒட்டிய இடமோ குறுகியது. விழாநாளில் அங்கே தோளோடு தோள் உரசி நின்று உரக்கப் பாடுவது வழக்கம். ஆதலின் திருச்சுற்றில் நின்று தொழுதலும், இடைவெளி விட்டு வரிசையில் செல்லுதலும், வாயையும் மூக்கையும் மூடுதலும் பொருந்திய நெறிகளே. முகக்கவசம் திருமுன்னர் தகுமோ என்று சிலர் தயங்கினர். ஈழத்துக் கதிர்காமத்திலும் யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டே பூசை இயற்றுவது நெடுங்கால மரபு. தம் மூச்சுக் காற்று படலாகாது என்னும் அன்பினால் முருகப்பெருமான் திருமுன்னர்க் கட்டிய துணியை, அவன் அடியார் முன்னர்க் கட்டுவதில் இழுக்கு யாது?

இடையே ஒன்று. தமிழகத்தில் மீண்டும் முதலில் அடியார்க்குத் திறக்கப்பட்டவை புகழ்பெற்ற பெருங்கோயில்கள் அல்ல. ஆண்டு வருவாய் 10,000 ரூபாய்க்குக் குறைந்த சிற்றூர்க் கோயில்கள் 2020 சூலைத் திங்களிலேயே திறக்கப்பட்டன. பெருங்கோயில்கள் செப்டம்பர் முதல் நாள் வரை காத்திருந்தன. கூட்டம் இல்லாத குறையே அச்சிறு கோயில்களுக்கு அவ்வாண்டு பேறாக முடிந்தது.

பூசை நிற்கவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் நின்றுபோனது ஒன்று உண்டு. அது கோயிலைச் சார்ந்து வாழ்ந்தோரின் அடுப்பு. சந்நிதித் தெருவில் பூத்தொடுக்கும் பெண்கள், தேங்காய் பழக் கடை வைத்தோர், அகல் விற்போர், காலணி காப்போர் ஆகிய இவர்களுக்கு நாட்கூலியன்றி வேறு வருவாய் இல்லை. பறிக்கும் கூலிக்கும் விலை தேறாமையால் பூக்கள் செடியிலேயே வாடின. நாகசுரம், தவில் கலைஞர்களுக்குப் பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று திங்களே அறுவடைக் காலம். கொடியேற்றமும் திருமணங்களும் மிகுந்த அத்திங்களில்தான் ஊரடங்கு வந்தது. மாதச் சம்பளம் இன்றித் தட்டில் விழும் காசையே நம்பிய அருச்சகர்கள், உள்ளே இறைவனுக்கு அமுது படைத்துவிட்டு வீடு திரும்பியபோது அங்கே உலை ஏறவில்லை. மானம் காரணமாக அவர்களுள் பலர் வாய் திறந்து கேட்கவும் இல்லை.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சிவபெருமான் செய்தது யாது? அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு அருளினார். அக்காசைக் கொண்டு இருவர் திருமடத்திலும் அடியார்க்கு அமுதளிக்கப்பெற்றது. ஆயினும் சம்பந்தர் திருமடத்தில் அமுது காலம் தாழ்த்தது. காரணம் வினவியபோது, அவர் பெறும் காசுக்குக் கடைக்காரர் வாசி கேட்கின்றனர், அதனால் பண்டம் வாங்க நேரம் ஆகின்றது என்று திருமடத்தார் விண்ணப்பித்தனர். பிள்ளையார் வாசி தீருமாறு பதிகம் பாடி நற்காசு பெற்றார். சோறு கிடைத்ததே, சிறிது தாழ்ந்தால் என்ன என்று அவர் எண்ணவில்லை. பசித்தவனுக்கு நண்பகற் சோறு மாலையில் வருவதைப் பொறாத அருளுள்ளம் அது. இக்காலத்து வாசி வேறு உருவில் வரும். விண்ணப்பம், சான்று, கையொப்பம், மேலிடத்து இசைவு என அது பல பெயர் பெறும்.

2021ஆம் ஆண்டு சூன் திங்களில், மாதச் சம்பளமின்றித் திருக்கோயில்களில் பணிபுரிந்த அருச்சகர், பூசாரிகள் முதலியோர்க்குத் தமிழக அரசு 4,000 ரூபாயும் 10 கிலோ அரிசியும் 15 வகை மளிகைப் பொருள்களும் வழங்கிற்று. இது போற்றத்தக்கது. ஆனால் எவ்வுதவிக்கும் பட்டியல் ஒன்று வேண்டும். பூசை செய்வாரைப் பட்டியலில் காணலாம். வாயிற்புறத்தில் பூத்தொடுப்பவள் பெயர் எந்தப் பதிவேட்டில் உள்ளது? நாற்பது ஆண்டு இறைவன் திருமேனிக்கு மாலை கட்டியவள், கணக்கில் கோயிலைச் சார்ந்தவள் அல்லள்!

துயரில் மறைந்தோரையும் ஈண்டு எண்ணுதல் வேண்டும். ஊரடங்கின்போது இறுதிக் கடனுக்கு 20 பேருக்கு மேல் கூடலாகாது என்பது விதி. தொற்றால் இறந்தார் உடலைப் பிள்ளைகளும் தொட இயலவில்லை. வாய்க்கரிசி இடாமல், முகம் காணாமல் வழியனுப்பிய குடும்பங்களின் ஆற்றாமை இன்னும் அவர்தம் உள்ளங்களில் கனன்றுகொண்டிருக்கின்றது. சிவாலயங்களில் மோட்ச தீபம் ஏற்றும் மரபு உண்டு. உரிய கடன் பெறாது மறைந்தோர் பெயர்களைக் குடும்பத்தாரிடம் கேட்டுத் தொகுத்து, ஒரு மாலைப் பொழுதில் ஒவ்வொரு பெயராகச் சொல்லித் தீபம் ஏற்றுதற்குச் செலவு மிகுதியும் இல்லை. ஆண்டுகள் கடந்தமையால் அது வேண்டாததாகிவிடாது.

முன்னேற்பாடு என்பது புதிய சொல்லன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயிலில், பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயில் மாலுடையதாயினும் செய்தி யாவருக்கும் உரியது. வேதம் பயில்வார்க்கும் கோயிற் பணியாளர்க்கும் அமைந்த ஆதுலசாலையில் 15 படுக்கைகள், மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர். இவர்க்குரிய நெல்லும் காசும் தனித்தனியே வரையப்பட்டுள்ளன. ஏறத்தாழ 20 மருந்துகளின் பெயரும் அளவும் எழுதப்பட்டுள்ளன. அம்மருந்துகள் ஓராண்டுக்கு வேண்டுவனவாக முன்னரே சேர்த்து வைக்கப்பட்டவை. நோய் வந்தபின் மருந்து தேடியவர் அல்லர் அவர்.

கோபுரத்துக்கும் கலசத்துக்கும் பொருள் வழங்கிய அன்பர்கள் மற்றொன்றும் செய்யலாம். திருப்பணிக் கணக்கை முடிக்கும் முன், ஒரு பகுதியைத் தனியே வைப்பாக இடுதல் நன்று. அதன் வட்டியில் ஒரு மாதத்துக்குரிய அரிசியும் பருப்பும் எண்ணெயும் எக்காலமும் கோயிற் களஞ்சியத்தில் இருக்குமாறு செய்து, பழையதை அன்னதானத்துக்கு எடுத்துப் புதியதை நிரப்பி வரலாம். நோய்க் காலத்தில் அதனைத் திறக்க எவருடைய இசைவுக்கும் காத்திராமல், ஒரே நாளில் வழங்கும் உரிமையை உள்ளூரில் இருக்கும் மூவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். திருக்கோயிலைச் சார்ந்து வாழ்வார் பெயர்களைத் திருமுக்கூடற் கல்வெட்டுப்போல் ஒன்றுவிடாமல் எழுதி, ஆண்டுதோறும் திருத்தி, அலுவலகத்தில் வைத்தல் வேண்டும். அப்பட்டியலின் முதல் வரியில் சந்நிதித் தெருவில் பூத்தொடுப்பவளின் பெயர் இருக்கட்டும்.