டி.ஓ. கல்லூரியில் இடம் கிடைக்குமா?
(நமது சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மெக்கானிக்கல் படித்துவிட்டு டெட்ராய்ட் பக்கத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவன், மருத்துவக் கல்லூரி பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலருக்குத் தோன்றலாம். செயலாளர் அண்ணன்தான் காரணம். அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர்களின் பிள்ளைகள் பலர் கல்லூரி வயதுக்கு வந்துவிட்டார்கள். "ஆஸ்டியோபதி காலேஜ்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுல நம்ம பொண்ணுக்குக் கிடைக்குமா?" என்று அவருக்கு போன் வந்துகொண்டே இருக்கிறதாம். என் அக்கா மகள் அந்த வழியில் போனவள். அவளுக்காக உட்கார்ந்து கணக்குப் போட்டவன் நான். ஆகவே இந்த மைக் என் கையில்.

முதலில் எல்லார் வீட்டிலும் வரும் கேள்வியை முடித்துவிடுகிறேன். "அது நிஜ டாக்டர்தானா தம்பி?" என்று என் அம்மாவே கேட்டார்கள். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் இரண்டு: எம்.டி., டி.ஓ. இரண்டு பேருக்கும் ஐம்பது மாநிலங்களிலும் முழு உரிமம் உண்டு. மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். டி.ஓ. மாணவர்கள் கூடுதலாக எலும்பு, தசை, மூட்டுகளைக் கையால் தொட்டறிந்து சரிசெய்யும் முறையை ஏறத்தாழ 200 மணி நேரம் படிக்கிறார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்டியோபத் என்றால் மருத்துவர் அல்ல, கை சிகிச்சை மட்டும் செய்பவர். பெயர் ஒன்று, தொழில் வேறு. நம் ஊரில் இதைப் பற்றி விசாரிப்பவர்கள் குழம்புவது இங்கேதான்.

இதை 1874ல் அறிவித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர். 1892ல் மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். அங்கிருந்து முழு மரியாதை கிடைக்க நூறு வருஷம் சண்டை போட வேண்டியிருந்தது. அதில் கலிபோர்னியா கதை வேடிக்கையானது. 1962ல் அங்கே இரண்டு சங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டு, 65 டாலர் கட்டிய டி.ஓ.க்களை எம்.டி. ஆக்கிவிட்டார்கள். சுமார் 2,000 பேர் மாறினார்கள். அதோடு புதிய டி.ஓ.க்களுக்கு உரிமம் கிடையாது என்றார்கள். 1974ல் மாநில உச்ச நீதிமன்றம் வந்துதான் அந்தக் கதவைத் திறந்தது. "65 டாலர்ல மாறிப்போற வித்தியாசம் எவ்வளவு பெரிய வித்தியாசமா இருக்கும் அம்மா?" என்று கேட்டேன். சிரித்தார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. 2020ல் டிரம்ப் கோவிட்டில் படுத்தபோது டிவியில் வந்து பேசிய டாக்டர் ஷான் கான்லி ஒரு டி.ஓ., பிறகு பைடனுக்கு மருத்துவராக இருந்த கெவின் ஓ'கானரும் டி.ஓ. என்று சொன்ன பிறகுதான் அம்மாவுக்குச் சமாதானம். நூறு வருஷ வரலாறு செய்யாததை ஜனாதிபதியின் காய்ச்சல் செய்தது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர்களின் மூளையில் கட்-ஆஃப் என்ற ஒன்று ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கல்லூரிக்கு நாமும் 200க்கு இவ்வளவு என்று பார்த்துத்தான் வந்தோம். கால் மார்க்கில் சீட் போனவர்கள் நம் தெருவிலேயே உண்டு. அந்தக் கண்ணோடு அமெரிக்க மருத்துவக் கல்லூரியைப் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். அங்கே ரேங்க் லிஸ்ட் இல்லை. டி.ஓ. கல்லூரிகளில் சேருபவர்களின் சராசரி கிரேடு 4க்கு 3.6ஐ ஒட்டியும், எம்கேட் என்ற நுழைவுத் தேர்வில் 503, 504ஐ ஒட்டியும் இருந்து வருகிறது. எம்.டி. பக்கம் 3.8ஐ ஒட்டி, எம்கேட் 511, 512. எம்கேட் மதிப்பெண் 472ல் தொடங்கி 528ல் முடியும், 500 நடுப்புள்ளி. இவை சராசரி. சராசரி என்றால் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதற்குக் கீழே என்று பொருள். அதைக் கட்-ஆஃப் என்று நினைத்து விண்ணப்பமே போடாத பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், சராசரியைத் தொட்டுவிட்டோம், சீட் பையில் இருக்கிறது என்று இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

என் அக்கா மகளின் நிலைமையைச் சொல்கிறேன். 2022ல் அவளுக்கு மொத்த கிரேடு 3.4. எம்கேட் 501. எம்.டி. பக்கம் எட்டிப் பார்க்க முடியாத மார்க். அந்தச் சமயத்தில் கரீபியன் தீவில் இருக்கும் ஒரு மருத்துவக் கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்து, இரண்டு வாரத்தில் முன்பணம் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. அக்காவும் அத்தானும் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டார்கள். "கிடைச்சதை விட்டுட்டு இன்னொரு வருஷம் காத்திருக்கச் சொல்றியா?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. அவள் வீட்டை அடமானம் வைக்கப் போகிறவள்.

எங்கள் தொழிலில் ஒரு பாகம் தேறுமா என்று பார்க்க, அது எங்கே உடையும் என்றுதான் முதலில் பார்ப்போம். அதே மாதிரி பார்த்தேன். படிப்பு முடிந்ததும் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி இடம் கிடைக்காவிட்டால் பட்டம் சுவரில் மாட்டத்தான் உதவும். 2024 கணக்கில் எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 விழுக்காடு பேருக்கும், டி.ஓ. மாணவர்களில் 92.3 விழுக்காடு பேருக்கும் இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அமெரிக்கக் குடிமக்களுக்கு 67 விழுக்காடு. இது கடைசி வரை வந்து விண்ணப்பித்தவர்களின் கணக்கு. நடுவில் நின்றுபோனவர்கள் இதில் இல்லை. 2020ல் எம்.டி., டி.ஓ. பயிற்சி இடங்களுக்கான அங்கீகாரம் ஒரே குடையின் கீழ் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நரம்பு அறுவை, தோல் மருத்துவம் போன்ற சில துறைகளில் டி.ஓ.வுக்கு இன்னும் மேடு அதிகம். குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் என்றால் அந்தக் கவலை பெரிதாக வேண்டாம். இதை ஒரு தாளில் எழுதி அத்தான் கையில் கொடுத்தேன். அவர் கணக்குத் தணிக்கை பார்ப்பவர். ராத்திரி முழுக்க அந்தத் தாளை வைத்துக்கொண்டிருந்தார். காலையில், "ஒரு வருஷம் போனா போகட்டும்" என்றார். முன்பணம் கட்டவில்லை.

பிறகு அவள் மார்க் ஷீட்டைப் பிரித்துப் பார்த்தோம். 3.4 என்ற ஒற்றை எண்ணில் ஒன்றும் தெரியாது. முதல் இரண்டு வருஷம் 3.1, கடைசி இரண்டு வருஷம் 3.7. ஏறுமுகம். இதே 3.4 இறங்குமுகமாக இருந்திருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். எம்கேட்டில் நான்கு பகுதி. அவளுக்கு மூன்று பகுதி பரவாயில்லை, வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் மட்டும் 122. மொத்தத்தைப் பார்க்கும் முன் பகுதி மார்க்கைப் பார்த்தே ஒதுக்கும் கல்லூரிகள் உண்டு. ஆக, திருத்த வேண்டிய இடம் ஒன்றுதான். தினமும் படித்து, 2023 வசந்தத்தில் திரும்ப எழுதி 505 வாங்கினாள். அந்தப் பகுதி 125 ஆனது. எம்கேட்டை ஆயுளில் ஏழு முறைதான் எழுதலாம் என்பதால் சும்மா எழுதிப் பார்ப்போம் என்று போகக்கூடாது. எல்லா முயற்சியும் கல்லூரிக்குத் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூத்தவர்கள் சிலர், "மார்க் குறைஞ்ச பாடத்தைத் திரும்பப் படி, டி.ஓ. காலேஜ்ல பழைய மார்க்கை எடுத்துடுவாங்க" என்று சொல்வார்கள். அது உண்மையாக இருந்த காலம் உண்டு. 2017ல் அந்த விதி போய்விட்டது. இப்போது இரண்டு முயற்சியும் சேர்ந்துதான் கூட்டப்படும்.

மார்க்குக்கு வெளியே இருப்பதுதான் பல வீடுகளில் தெரிவதில்லை. அந்த ஒரு வருஷம் அவள் ஒரு கிளினிக்கில் டாக்டர் சொல்வதைக் கம்ப்யூட்டரில் எழுதும் வேலை பார்த்தாள். சம்பளம் சொற்பம். அந்த டாக்டர் ஒரு டி.ஓ. பல டி.ஓ. கல்லூரிகள் ஒரு டி.ஓ. மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தை விரும்பும், சில கட்டாயமாகவே கேட்கும். கடிதத்தைவிடப் பெரிய லாபம் வேறு. "ஏன் டி.ஓ.?" என்று நேர்முகத்தில் கேட்பார்கள். அவள் முதலில் எழுதிய கட்டுரையில் "முழு மனிதனையும் பார்க்கும் மருத்துவம்" என்று இருந்தது. "இதை எல்லாருமே எழுதுவாங்களே" என்றேன். கோபித்துக்கொண்டு எழுந்து போனாள். ஒரு மாதம் கழித்து வேறொன்று எழுதி வந்தாள். தோளைத் தூக்க முடியாமல் வந்த ஒரு தபால்காரர், டாக்டர் கையை வைத்துப் பார்த்த அந்தப் பத்து நிமிஷத்தில், தன் மனைவி இறந்ததையும் ராத்திரி தூக்கமில்லாததையும் சொன்னாராம். மூன்று முறை வந்தும் சொல்லாதவர். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அதைப் படித்தபோது, இந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் என்று முதன்முறையாகத் தோன்றியது.

விண்ணப்பம் மே மாதம் திறக்கும். பெரும்பாலான கல்லூரிகள் வர வர எடுத்துக்கொண்டே போகும். ஜூனில் போட்டவனுக்கு நூறு இருக்கை காலி, டிசம்பரில் போட்டவனுக்குப் பத்து. அவள் ஜூன் முதல் வாரம் 14 கல்லூரிகளுக்குப் போட்டாள். மூன்று இடத்தில் நேர்முகம். ஒன்று இல்லை என்றது, ஒன்று காத்திருப்புப் பட்டியல், ஒன்று 2024 பிப்ரவரியில் இடம் கொடுத்தது. பதினாலுக்கு ஒன்று. அந்த ஆகஸ்டில் சேர்ந்துவிட்டாள். எங்கள் மிச்சிகனில் மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே டி.ஓ. கல்லூரி உண்டு, அங்கே உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை. டெக்சாஸில் போர்ட் வொர்த்தில் இருக்கும் அரசுக் கல்லூரியில் பத்தில் ஒன்பது இடம் அந்த மாநிலத்தவருக்கே. எந்த மாநிலத்தில் வீடு என்பதும் ஒரு மார்க் மாதிரிதான்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இறங்கினால் செயலாளர் அண்ணன் விடமாட்டார். தனியார் டி.ஓ. கல்லூரிகளில் கட்டணம் ஆண்டுக்கு 60,000 டாலரை ஒட்டி வரும். வாடகை, சாப்பாடு தனி. 2025ல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்கு மத்திய அரசின் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு. மிச்சத்துக்கு வங்கியைத்தான் பார்க்க வேண்டும். அப்பா கையெழுத்துப் போட வேண்டும். கிடைக்குமா என்று கேட்கும்போதே கட்ட முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வாசல் மூடியிருக்கிறதா என்று எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டும். பல டி.ஓ. கல்லூரிகள் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே எடுக்கின்றன. அரசுக் கடனும் அவர்களுக்குத்தான். நம்மில் எத்தனையோ பேர் கிரீன் கார்டு வரிசையில் பத்துப் பதினைந்து வருஷமாக நிற்கிறோம். சின்ன வயதில் கூட்டிப்போன பிள்ளைக்கு 21 வயது ஆனால் நம் விசாவில் இருக்க முடியாது. அந்தப் பிள்ளை 3.9 வாங்கினாலும் கணக்கு வேறு. விசா உள்ளவர்களை எடுக்கும் கல்லூரிகளின் பட்டியலைப் பத்தாம் வகுப்பிலேயே தேடத் தொடங்குங்கள்.

இங்கே இருக்கும் தம்பி தங்கைகளுக்கு: "அண்ணே, பி.இ. முடிச்சுட்டு அங்கே போய் டாக்டருக்குப் படிக்கலாமா?" என்று நேற்று ஹாஸ்டலில் ஒருவர் கேட்டார். உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் எல்லாம் ஆய்வகத்தோடு, பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும். இதற்கே இரண்டு வருஷம் போகும், மாணவர் விசாவில். அதற்கு மேல் நான் சொன்ன விசாச் சிக்கல், கடன் கிடைக்காத சிக்கல். என் மதிப்பீட்டில் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அந்தத் தம்பியின் முகம் வாடியது. ஆனால் ஆசை காட்டி அனுப்ப எனக்கு மனசில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெக்கானிக்கல் பிளாக் வேப்ப மரத்தடியில் இருப்பேன். பிள்ளைகளின் மார்க்கை வருஷவாரியாக எழுதிக்கொண்டு வாருங்கள், மொத்தத்தை மட்டும் சொல்லாதீர்கள்.