எஸ்தோனியாவும் லெனினின் கையொப்பமும்

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)

தோழர்களே! எஸ்தோனியா சின்னஞ்சிறு நாடு. அதன் சுதந்திரத்தை என்றென்றைக்கும் ஏற்பதாக 1920 பிப்ரவரி 2-ல் தார்த்து நகரில் ஒப்பந்தம் செய்தது லெனினின் சர்க்கார். சுயநிர்ணய உரிமை அன்று வெறும் பேச்சல்ல.

1939 ஆகஸ்டில் ஸ்டாலின் சர்க்கார் ஹிட்லருடன் ரகசிய உடன்படிக்கை செய்தது. 1940 ஜூனில் செஞ்சேனை எஸ்தோனியாவைப் பிடித்தது. யுத்தம் முடிந்த பிறகு, 1949 மார்ச்சில், நான்கே நாட்களில் 20,000-க்கு மேற்பட்டோரை சைபீரியாவுக்கு ரயிலேற்றினார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். இவர்களா வர்க்க எதிரிகள்? மிஞ்சிய விவசாயிகள் பீதியில் கூட்டுப்பண்ணைக்குப் பெயர் கொடுத்தார்கள்.

முதலாளிப் பத்திரிகைகளின் கட்டுக்கதை என்பீர்களா? ரகசிய உடன்படிக்கையை 1989 டிசம்பரில் கண்டித்தது சோவியத் மக்கள் பிரதிநிதிகள் காங்கிரசேதான்! அதே ஆகஸ்டில் மூன்று பால்டிக் நாட்டு மக்கள் 600 கிலோமீட்டர் கைகோத்து நின்றார்கள். இங்கிருந்து கோவில்பட்டி போகும் தூரம், தோழர்களே!