குறை கேட்கும் செவி



தென்காசியைச் சூழ்ந்த வடகரை வட்டாரச் சிற்றூர்களில் பீடி சுற்றும் மகளிர் பலர். கடையில் இலையும் தூளும் வாங்கி, வீட்டில் சுற்றி, கட்டுக் கட்டித் திருப்பி ஒப்படைப்பர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்பது கணக்கு. கணக்கு அத்துடன் முடிவதில்லை. இலையில் ஓட்டையும் கிழிசலும் மிகுந்தால் எண்ணிக்கை குறையும். அதைத் தன் காசில் இலை வாங்கி நிரப்ப நேரும். சுற்றியவற்றுள் சில ‘கழிவு’ என ஒதுக்கப்பட்டால் அவ்வுழைப்பு வீண். எதிர்த்துக் கேட்டால் நாளை இலை கிடைக்குமோ என்னும் அச்சம் வாயை அடைக்கும். அந்த மௌனத்தைக் கண்டு, தம் கடையில் குறையே இல்லை என மகிழும் முதலாளியர் உண்டு!

1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இவ்விடரை நன்கறிந்தது. மூலப்பொருள் வழங்கல், பீடியைக் கழித்தல், கழித்த பீடிக்குரிய கூலி ஆகியவற்றில் எழும் பூசலைச் சுருக்கமான முறையில் தீர்க்க அதன் 39ஆம் பிரிவு வழிவகுத்தது. பொதுவான தொழிற்கூடங்களுக்கோ, 2010ஆம் ஆண்டுத் திருத்தம், 20 பேரும் அதற்கு மேலும் பணிபுரியுமிடத்தில் இருதரப்பும் சமமாக அமரும் குறைதீர்க்கும் குழுவைக் கட்டாயமாக்கியது.

கழிப்பவரே நீதியும் சொன்னால் முறையீடு எங்ஙனம் எழும்? 1918இல் அகமதாபாதில் இவ்வினா ஒரு குடும்பத்தையே பிளந்தது. பிளேக் காலத்தில் தந்த மிகையூதியத்தை ஆலையதிபர்கள் நிறுத்த, நெசவாளர்கள் உயர்வு வேண்டினர். அதிபர்கள் 20 விழுக்காடு என்றனர். காந்தியடிகள் 35 தகும் என்றார். அதிபர்களின் முன்னணியில் நின்றவர் சமணக் குடியில் பிறந்த அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவரோ அவருடைய உடன்பிறந்த தமக்கை அனசூயா! தம்பியை வெறுத்து அன்று, அவருடைய ஆலை வாயிலில் நின்றோரின் பசியைக் கண்டே அவர் அப்பக்கம் சென்றார்.

காந்தியடிகளின் உண்ணாநோன்புக்குப் பின் இருதரப்பும் ஆனந்தசங்கர் துருவரை நடுவராக ஏற்றன. ஆலையும் சங்கமும் சாராத கல்வியாளர் அவர். அவர் இறுதியில் வழங்கிய தீர்ப்பு 35 விழுக்காடே. 1920இல் அனசூயா முன்னின்று அமைத்த தொழிலாளர் சங்கமும் நடுவர் முறையையே பற்றிக்கொண்டது.

நம்மவர் கடைகளிலும் பட்டறைகளிலும் பெரும்பாலும் நால்வரோ ஐவரோதான் பணிபுரிவர். அங்கே குழு அமைக்கச் சட்டம் வற்புறுத்தவில்லை. எனினும், கூலிக்கணக்கில் ஐயம் எழும்போது இருவரும் நம்பும் ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து, அவர் முன்னிலையில் ஏட்டைப் பிரித்து வைக்க எந்தத் தடையும் இல்லை.