கொடி சென்ற இடத்துக்கு நீதியும் சென்றதா?

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஐக்கிய அமெரிக்கா 1898ஆம் ஆண்டில் கடல் கடந்து நாடு பிடித்த வரலாறே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். போர்க்களக் கதையாக அதைச் சொல்லப் பலர் உளர். நானோ நீதிமன்றங்களில் பழகியவன். ஆகவே ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். அது கொலை வழக்கன்று, காணி வழக்குமன்று, தோடம்பழ வழக்கு.

1900ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், புவேர்ட்டோ ரிக்கோ என்னும் தீவிலிருந்து நியூயோர்க் துறைமுகத்துக்குத் தோடம்பழங்கள் வந்திறங்கின. சுங்க அதிகாரி 659 டொலர் 35 சதம் தீர்வை கேட்டார். பழத்தை வரவழைத்த டவுன்ஸ் கம்பனியார் ஆட்சேபத்துடன் பணத்தைக் கட்டினர்; பின்பு அதனைத் திருப்பித் தரும்படி வழக்குத் தொடுத்தனர். அவர்கள் வாதம் எளியது: “இந்தத் தீவை ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா பெற்றுக்கொண்டது. அங்கே பறப்பது அமெரிக்கக் கொடி. நாடெங்கும் தீர்வை ஒரே சீராக இருத்தல் வேண்டும் என்று அமெரிக்க அரசியல் யாப்புக் கூறுகிறது. சொந்த நாட்டின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்கு வந்த பழத்துக்குத் தீர்வை எங்ஙனம் அறவிடலாம்?”

வழக்கின் தொகை சிறிது. அதன் அடியிற் கிடந்த வினாவோ பெரிது. பழத்துக்கு அரசியல் யாப்பின் காப்பு உண்டென்றால், அந்தப் பழத்தைப் பறித்த மனிதனுக்கும் அது உண்டு. பழத்துக்கு இல்லையென்றால் மனிதனுக்கும் இல்லை எனச் சொல்ல வழி பிறந்துவிடும். கொடி போன இடமெல்லாம் யாப்பும் போகிறதா என்பதே அன்று அமெரிக்கா முழுவதும் எழுந்த வினா. தீர்ப்புக்குப் பின்னர் வருகிறேன். அந்தத் தீவு அமெரிக்காவின் கைக்கு வந்த வரலாற்றை முதலில் காண்போம்.

பிரித்தானியரை எதிர்த்துப் போராடிச் சுதந்திரம் பெற்ற நாடு அமெரிக்கா. ஆளப்படுவோரின் சம்மதமே ஆட்சியின் அடிப்படை என்று 1776இல் பறைசாற்றிய நாடு. அந்த நாடு பிறர் நாட்டை விரும்பியதேன்? 1893இல் அங்கே பெரும் பொருளாதார நெருக்கடி மூண்டது. தொழிற்சாலைகள் செய்து குவித்த பொருளுக்கு வெளிநாட்டுச் சந்தை வேண்டும் என்ற குரல் ஓங்கியது. சந்தையை அடையக் கப்பல், கப்பலைக் காக்கக் கடற்படை, கடற்படைக்கு நிலக்கரி நிரப்பத் தீவுகள் என்று ஆசை படிப்படியாக வளர்ந்தது. கடல் வல்லமையே நாட்டின் வல்லமை என்று கடற்படை அதிகாரி மேகன் 1890இல் எழுதிய நூல் அந்த ஆசைக்குச் சாத்திரமாயிற்று.

முதலில் ஹவாய்த் தீவுகளைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தார்க்கு அமெரிக்க மிசன் புதிய பெயரன்று. 1816இல் யாழ்ப்பாணம் வந்தவர்களையும், 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியவர்களையும் நாம் அறிவோம். அவர்களை அனுப்பிய அதே சங்கம் ஹவாய்க்கு அனுப்பிய போதகர்களும் 1820இல் அங்கே சென்றடைந்தனர். இங்கே ஏற்கெனவே வேறொரு வல்லரசின் கொடி பறந்தது. அங்கே இருந்ததோ சுதேச மன்னராட்சி. இங்கே வந்தவர்கள் கல்லூரியும் வைத்தியசாலையும் விட்டுச் சென்றனர். அங்கே சென்றவர்களும் பள்ளி வைத்தனர், அச்சுக்கூடம் வைத்தனர். ஆனால் அவர்களுட் சிலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிலமும் சீனித் தோட்டமும் அரசியற் செல்வாக்கும் கொண்ட வகுப்பாராயினர்.

1890இல் அமெரிக்கா தன் தீர்வைச் சட்டத்தை மாற்றியது. எல்லா நாட்டுச் சீனிக்கும் தீர்வையை நீக்கி, உள்நாட்டில் சீனி உற்பத்தி செய்வோர்க்கு மட்டும் இறாத்தலுக்கு 2 சதம் உதவிப்பணம் கொடுத்தது. அதுவரை தீர்வையின்றி விற்றுவந்த ஹவாய்த் தோட்டக்காரரின் அனுகூலம் ஒரே நாளில் அற்றது. நாமும் “உள்நாடு” ஆகிவிட்டால் என்ன என்ற எண்ணம் வலுத்தது. 1893 ஜனவரியில், அரசி லிலியுவோகலானி மன்னரதிகாரத்தை மீளப் பெறும் புதிய யாப்பொன்றை ஆக்க முனைந்தார். அதைச் சாட்டாக வைத்து ஒரு சிறு குழுவினர் அவரை நீக்கினர். முன்னின்றவருள் ஒருவரான லொறின் தேர்ஸ்ற்றன் முதற் போதகர் ஒருவரின் பேரன். தொழிலால் என்னைப்போலச் சட்டத்தரணி. அரசியைக் காக்க வந்த படையன்று, அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து இறங்கிய படையே அன்று வீதியில் நின்றது. ஒரு போதகரின் மகனான சான்போர்ட் டோல் புதிய ஆட்சியின் தலைவரானார்.

அமெரிக்கச் சனாதிபதி கிளீவ்லன்ட் விசாரணை நடத்தி, நடந்தது அநீதி என்று காங்கிரசுக்கே எழுதினார். ஆனால் அரசி மீண்டும் அரியணை ஏறவில்லை. 1897இல் தீவுகளை இணைக்க ஓர் ஒப்பந்தம் செய்தபோது, அதை எதிர்த்து ஹவாய் மக்கள் 21,000க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு வாஷிங்டனுக்குச் சென்றது. ஒப்பந்தம் நிறைவேறச் செனற் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அது கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள்? 1898 ஜூலையில், சாதாரணப் பெரும்பான்மை போதுமான கூட்டுத் தீர்மானம் ஒன்றினால் காரியத்தை முடித்தார்கள். முன்வாசல் பூட்டியிருந்தால் கோடிப்புறத்தால் நுழைவது என்பது இதுதான்.

அடுத்தது கியூபா. ஸ்பெயினுக்கெதிராகக் கியூப மக்கள் போராடிக்கொண்டிருந்தனர். 1898 பெப்ரவரி 15இல் ஹவானாத் துறையில் “மெயின்” என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. ஏப்ரலில் போர் மூண்டது. கியூபாவை நாங்கள் வைத்துக்கொள்ளோம், அதை அதன் மக்களிடமே விடுவோம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் தன் தீர்மானத்திலேயே எழுதியது. ரெல்லர் திருத்தம் என்பது அதன் பெயர். அழகிய வாக்குறுதி! மூன்றே ஆண்டுகளில், 1901இல், பிளற் திருத்தம் என்ற மற்றொன்று பிறந்தது. கியூபா வேற்று நாடுகளுடன் செய்யும் உடன்படிக்கைகளுக்கு வரம்பு. அமெரிக்கா விரும்பியபோது தலையிட உரிமை. கடற்படைத் தளங்களுக்கு இடம். இவற்றைத் தங்கள் யாப்பில் எழுதிக்கொண்டாலன்றி அமெரிக்கப் படை வெளியேறாது என்று கியூபர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்களின் யாப்புச் சபை 16க்கு 11 வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. குத்தகைக்கு எடுத்தவன் உறுதியைத் தானே எழுதி, காணிக்காரனைக் கையொப்பம் வைக்கச் சொன்ன கதை! 1934இல் பிளற் திருத்தம் ஒழிந்தது. குவாண்டனாமோத் தளம் ஒழியவில்லை. இரு தரப்பும் இணங்கினாலன்றி, அல்லது அமெரிக்கா தானே விட்டுச் சென்றாலன்றி, அந்தக் குத்தகை முடியாது.

மூன்றாவது பிலிப்பைன்ஸ். 1898 மே 1இல் மணிலாக் குடாவில் ஸ்பெயினின் கப்பற்படை அழிந்தது. ஜூன் 12இல் அகினால்டோவின் தலைமையில் பிலிப்பைன்ஸ் மக்கள் சுதந்திரப் பிரகடனம் செய்தனர். ஆயினும் அவ்வாண்டு டிசம்பர் 10இல் பாரிஸ் நகரில் ஸ்பெயினும் அமெரிக்காவும் ஒப்பந்தம் எழுதின. 2 கோடி டொலருக்குப் பிலிப்பைன்ஸ் கைமாறியது. ஏறத்தாழ 70 இலட்சம் மக்கள். தலைக்கு 3 டொலர்கூட இல்லை. அவர்களின் தூதராகச் சென்ற ஃபெலிப்பே அகொன்சில்லோ என்ற சட்டத்தரணிக்கு மாநாட்டின் கதவு திறக்கப்படவில்லை. விற்பவன் இருந்தான், வாங்குபவன் இருந்தான். காணிக்கு உரியவன் மட்டும் வெளியே நின்றான்.

அந்த ஒப்பந்தத்தின் 9ஆம் உறுப்புரையை ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ளல் வேண்டும். கையளிக்கப்பட்ட நாடுகளின் சுதேச மக்களுடைய குடியியல் உரிமைகளையும் அரசியல் நிலையையும் அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானிக்கும் என்பதே அது. ஒரே வாக்கியம். அந்தக் காங்கிரசில் அம்மக்களுக்கு ஓர் ஆசனமேனும் உண்டா? இல்லை. வாக்கு உண்டா? இல்லை.

1899 பெப்ரவரி 4ஆம் நாள் இரவு மணிலாவில் துப்பாக்கி வெடித்தது. இரண்டு நாட்களின் பின், 57க்கு 27 என்று, வேண்டிய எண்ணிக்கைக்கு ஒரேயொரு வாக்கு மேலதிகமாக, செனற் சபை ஒப்பந்தத்தை ஏற்றது. சனாதிபதி மக்கின்லி “அன்புடன் அரவணைத்தல்” என்று தம் கொள்கைக்குப் பெயர் சூட்டியிருந்தார். அந்த அரவணைப்பு மூன்றாண்டுப் போராக நடந்தது. 4,200க்கு மேற்பட்ட அமெரிக்கப் போர்வீரரும், 20,000க்கு மேற்பட்ட பிலிப்பைன்ஸ் போராளிகளும் மாண்டனர். பசியாலும் கொள்ளைநோயாலும் வன்முறையாலும் இறந்த பொதுமக்களின் தொகை 2 இலட்சம் வரை மதிக்கப்படுகிறது. பத்து வயதுக்கு மேற்பட்டவரைக் கொல்லுமாறு சமார்த் தீவில் கட்டளையிட்ட ஜெனரல் ஸ்மித், இராணுவ நீதிமன்றத்தில் கண்டிக்கப்பட்டு ஓய்வுக்கு அனுப்பப்பட்டார், அவ்வளவே. பிலிப்பைன்ஸ் சுதந்திரம் பெற்றது 1946இல்.

இனித் தோடம்பழத்துக்கு வருவோம். புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 1897இல்தான் ஸ்பெயினிடமிருந்து சுயாட்சிப் பட்டயம் பெற்றிருந்தனர். தீவுக்குத் தனிப் பாராளுமன்றம். மட்ரிட் பாராளுமன்றத்திலும் பிரதிநிதிகள். தீவின் பாராளுமன்றம் கேட்டாலன்றிப் பட்டயத்தை மாற்றக்கூடாது என்ற காப்பு. சில மாதங்களில் அமெரிக்கப் படை வந்திறங்கியது. பட்டயம் காற்றிற் பறந்தது. 1900ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசாதிபதியை நியமிப்பவர் அமெரிக்கச் சனாதிபதி. கம்பனிகள் 500 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருத்தலாகாது என்றும் அவ்வாண்டிலேயே காங்கிரஸ் விதித்தது. விவசாயிகளே, கேளுங்கள்: அந்த விதி நாற்பது ஆண்டுகள் ஏட்டிலே தூங்கியது, சீனிக் கம்பனிகளின் தோட்டங்கள் நாட்டிலே வளர்ந்தன. உடைமையாளர்க்குப் பகையான சட்டம் தூங்கும். ஏழைக்குப் பகையான சட்டம் தூங்குவதில்லை.

1901 மே 27இல் டவுன்ஸ் வழக்கில் அதியுயர் நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்பளித்தது. தீர்வை செல்லும்! புவேர்ட்டோ ரிக்கோ வெளிநாடன்று. ஆனால் உள்நாட்டு நோக்கில் அது அந்நியமானதே என்றார் நீதியரசர் வைற். அமெரிக்காவுக்குச் சொந்தம், அமெரிக்காவின் பகுதியன்று என்பது கருத்து. அந்நிய இனத்தார் வாழும் நாட்டில் ஆங்கிலோ சக்சன் நெறிப்படி ஆட்சி நடத்துவது சிலகாலம் இயலாது போகலாம் என்றார் நீதியரசர் பிரவுன். கறுப்பு மக்களைத் தனி வண்டியில் ஏற்றுவது செல்லும் என்று 1896இல் தீர்ப்பு எழுதியவரும் இவரே. இரு தீர்ப்புகளிலும் மாறுபட்டு நின்றவர் நீதியரசர் ஹார்லன். யாப்புக்கு வெளியே நின்று ஆளும் அதிகாரம் காங்கிரசுக்கு இல்லை என்பது அவர் உறுதி.

பழைய கதை என்று எண்ணாதீர்கள். 1917இல் அம்மக்களுக்கு அமெரிக்கப் பிரஜாவுரிமை கிடைத்தது. பிரஜைகளாயினும் ஜூரி விசாரணை கேட்கும் உரிமை இல்லை என்று 1922இல் நீதிமன்றம் கூறியது. தீவில் வாழ்வோர் இன்றும் அமெரிக்கச் சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க முடியாது. காங்கிரசில் அவர்களின் ஒரே பிரதிநிதிக்குச் சட்டமியற்றும் வாக்கில்லை. நியூயோர்க்கில் அரச உதவிப்பணம் பெற்றுவந்த ஒரு நோயாளி புவேர்ட்டோ ரிக்கோவில் குடியேறினார். அங்கே வாழ்பவருக்கு அது இல்லை என்று சொல்லி, கொடுத்த 28,000 டொலருக்கு மேற்பட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டு அரசே வழக்கிட்டது. தீவினர் பெரும்பாலான மத்திய வரிகளைச் செலுத்துவதில்லை என்று காரணங் காட்டி, 2022இல் அதியுயர் நீதிமன்றம் 8க்கு 1 என்று அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அன்று தீவிலிருந்து நியூயோர்க்குக்கு வந்த பழத்துக்குத் தீர்வை. நேற்று நியூயோர்க்கிலிருந்து தீவுக்குப் போன மனிதனுக்கு மறுப்பு! ஆயினும் அதே வழக்கில், 1901ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் இனவெறியில் வேரூன்றியவை, அவற்றைக் களைய வேண்டும் என்று நீதியரசர் கோர்சச் எழுதியதையும் மறைத்தலாகாது.

அமெரிக்கர் அனைவரையும் நான் குற்றஞ் சாட்டவில்லை. 1898இலேயே பொஸ்ரன் நகரில் ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கம் அமைந்தது. எழுத்தாளர் மார்க் ருவெயின் அதில் இருந்தார். செனற்றர் ஹோர் தம் சொந்தக் கட்சியையே எதிர்த்தார். ஆனால் எதிர்த்தோருள் வேறு சிலர், நிறம் வேறான மக்கள் தம் நாட்டுக்குள் வந்துவிடுவர் என்ற அச்சத்தாலேயே எதிர்த்தனர். அவர்களின் எதிர்ப்பு உதவியது. அவர்களின் காரணம் நமக்கு உதவாது.

இதிலிருந்து நாம் கற்பது யாது? ஹவாயில் தீர்மானம், கியூபாவில் திருத்தம், பிலிப்பைன்சில் கிரயம், புவேர்ட்டோ ரிக்கோவில் தீர்ப்பு. நான்கு இடத்திலும் துப்பாக்கியின் பின்னாலே சட்டப் புத்தகம் வந்தது. பிடித்ததைத் துப்பாக்கி கைவிட்ட பின்னும் சட்டப் புத்தகம் கைவிடவில்லை. ஆகையால் ஓர் ஆவணத்தை உங்கள் கையில் எவரேனும் தரும்போது, அதில் என்ன தருவதாக எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். அதை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். நம் வாக்கு ஏறாத சபை தீர்மானிக்கும் என்று ஒரு வரி அதில் இருந்தால், மற்ற வரிகள் எத்துணை இனியவையாயினும் அது உரிமைப் பத்திரமன்று, சலுகைச் சீட்டு. சலுகையைத் தந்த கை பறிக்கவும் செய்யும்.

1993இல், நூறு ஆண்டுகள் கழித்து, ஹவாய் அரசைக் கவிழ்த்ததற்காக அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டது. எந்த உரித்துக் கோரிக்கையும் இதனால் தீர்க்கப்பட்டதாகாது என்று அதே சட்டம் கூறிவைத்தது. மன்னிப்பு வந்தது, நிலம் வரவில்லை. ஆனால் 1897இல் கையொப்பமிட்ட 21,000 பேரின் மனு அழியவில்லை. அது இன்றும் வாஷிங்டனில் அரச ஆவணக் களரியில் இருக்கிறது. எங்கள் சம்மதமின்றி நடந்தது என்று அந்தத் தாள்கள் இன்றுவரை சாட்சி சொல்கின்றன. தோற்ற மக்களும் தம் மறுப்பை எழுத்தில் வைக்க வேண்டும். வழக்கு என்றோ ஒருநாள் மீண்டும் எடுக்கப்படும்போது, அந்த எழுத்தே முதற் சான்றாக நிற்கும்.