தூக்குவது வேறு, தாங்குவது வேறு



தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார்தான் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 1985-இல் புரோட்டோன் சாகாவும் 1994-இல் பெரோடுவா கஞ்சிலும் வந்தபின் அந்த நிலை மெல்ல மாறியது. இன்று பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரங்களில் தோட்டத்து வீடுகளின் முன்னும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்களிலும் கார் நிற்கிறது. வேலைக்குப் போகவும், நோயாளியைச் சுங்கைப் பட்டாணி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் அது வேண்டியிருக்கிறது.

நம் இளைஞர்களுக்கு இன்னோர் ஆசையும் உண்டு. கார் தரையோடு தரையாக ஓட வேண்டும். சிலர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்து அழகு பார்க்கிறார்கள். சிலர் சாதாரணக் காருக்கே ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திக்கொள்கிறார்கள். அந்த ஆசை சரியா தவறா என்பது இன்றைய பேச்சு அல்ல. அப்படிப்பட்ட காருக்கு எண்ணெய் மாற்றவும் பிரேக் பார்க்கவும் ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்துத் தூக்குகிறார்களே, அந்த நேரத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பிள்ளையின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிய, உடம்பு முழுவதும் காருக்கு அடியில் இருக்கிற நேரம் அது.

மாட்டுவண்டிக் காலத்தில் அச்சுக்கு மை போட வேண்டுமென்றால் நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். உடனே ஒருவர் முட்டுக்கட்டை கொடுத்தார். தூக்கிப் பிடித்தவர்களின் கைபலத்தை நம்பி யாரும் அச்சுக்கடியில் தலையை நீட்டவில்லை. காருக்கும் அதே நியாயம்தான். ஜேக் என்பது தூக்குகிற கை. முட்டுக்கட்டையின் வேலையைச் செய்வது, நாலு கால் பரப்பி நிற்கும் இரும்புத் தாங்கி. ஜேக் ஸ்டாண்டு என்று கேட்டால் கடையில் ஜோடியாகக் கிடைக்கும். தாங்கி இல்லாமல் காருக்கடியில் உடம்பை நுழைக்கக் கூடாது.

ஜேக்கை ஏன் நம்பக்கூடாது என்று கேட்கலாம். சக்கரம் வைத்த எண்ணெய் ஜேக்கினுள் ஒரு சிறு குழாயும் ஒரு பெரிய குழாயும் இருக்கின்றன. பெரிய குழாயின் பரப்பு சிறியதைப்போல் இருபது மடங்கு என்று வைத்துக்கொள்வோம். சிறிய குழாயில் நாம் கொடுக்கும் விசை, பெரிய குழாயில் இருபது மடங்காகும். 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்ட விதி இது. அதனால்தான் ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள காரை ஒரு பையன்கூடத் தூக்கிவிடுகிறான். ஆனால் அந்த எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது ஒரு சிறு ரப்பர் வளையம். அது தேய்ந்தாலோ, பிளந்தாலோ, திறப்புத் திருகு சற்றே நெகிழ்ந்தாலோ எண்ணெய் பின்வாங்கும், கார் இறங்கும். ஜேக்கில் எண்ணெய் குறைந்தால் பிரேக் எண்ணெயை ஊற்றாதீர்கள். அது அந்த வளையத்தைக் கெடுத்துவிடும். ஜேக்குக்கு என்றே விற்கும் எண்ணெயை ஊற்றுங்கள். காரோடு கொடுத்திருக்கும் சிறிய திருகு ஜேக், வழியில் டயர் மாற்றுவதற்கு மட்டுமே.

அடுத்தது தரை. எண்ணெய் ஜேக் காரைத் தூக்கும்போது அதன் தலை நேராக மேலே போவதில்லை. வில்லைப்போல் வளைந்து போகிறது. அதற்கு ஈடுகொடுத்து ஜேக்கின் சக்கரங்கள் கொஞ்சம் உருள வேண்டும். நம் செம்மண் வாசலில், அதுவும் செப்டம்பர், அக்டோபர் மழைக்குப் பிறகு, அந்தச் சக்கரங்கள் புதைந்துவிடும். உருள முடியாத ஜேக் சாயும், அல்லது அதன் தலை காரிலிருந்து நழுவும். ஆகவே சமமான சிமெண்டுத் தரையில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். வீட்டில் இல்லையென்றால், இருக்கிற இடத்துக்குக் காரைக் கொண்டு போங்கள்.

இனித் தாழ்ந்த காரின் தனிச் சிக்கலுக்கு வருவோம். சாதாரண ஜேக்கை முழுவதும் இறக்கினாலும் அதன் தலை 13 அல்லது 14 செண்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். தாழ்த்திய காரின் அடிப்பாகமோ சில வேளை 10 செண்டிமீட்டர்தான் இருக்கும். ஜேக் உள்ளே போகாது. போனாலும் அதன் கைப்பிடி பம்பரில் இடிக்கும். இந்த இடத்தில்தான் அவசரப்பட்டுக் கண்ட இடத்தில் ஜேக்கைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதற்கு எளிய வழி பலகை. டயரைவிட அகலமான, 4 செண்டிமீட்டர் கனமுள்ள பலகைகள் நான்கு எடுங்கள். ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் இரண்டு. நீளமான பலகையின்மேல் குட்டையானதைப் படிபோல் வைத்து ஆணியடித்து, கடைசியில் சக்கரம் தாண்டாமலிருக்க ஒரு குறுக்குக் கட்டை அடியுங்கள். காரை மெதுவாக ஏற்றினால் முன்புறம் 8 செண்டிமீட்டர் உயரும். வழி சொல்பவர் பக்கத்தில் நிற்கட்டும், காருக்கு முன்னால் வேண்டாம். மருந்தேற்றாத ரப்பர் மரப்பலகை வெளியே கிடந்தால் பூச்சியும் பூஞ்சணமும் சீக்கிரம் அரித்துவிடும். தட்டிப் பார்த்து, பொக்காக இருந்தால் அடுப்புக்குப் போடுங்கள்.

கார் ஏறியதும் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். ஆகவே பின்புறத்தைத் தூக்குகிற நாளில் அது உதவாது. அன்றைக்கு முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரிலும் போட்டு வைக்க வேண்டும்.

ஜேக்கை எங்கே கொடுப்பது, தாங்கியை எங்கே வைப்பது என்பது காரோடு வந்த கையேட்டில் படமாக இருக்கும். பெரும்பாலும் முன்னால் நடுவில் உள்ள குறுக்குச் சட்டத்தில் ஜேக். இரு பக்கமும் கதவுக்குக் கீழே குறித்த இடங்களில் தாங்கி. எண்ணெய்த் தொட்டியிலும் மெல்லிய தரைத் தகட்டிலும் கொடுத்தால் நசுங்கும். கதவுக்கடியில் உள்ள தகட்டு விளிம்பு மடங்காமலிருக்க, கனத்த ரப்பர்க் கட்டை ஒன்றில் அந்த விளிம்பு பதியும் அளவு பள்ளம் வெட்டித் தாங்கியின் தலையில் வையுங்கள்.

தாங்கி இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். பல்லும் கொண்டியும் உள்ள தாங்கியானால் கொண்டி முழுவதும் பல்லில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். 2020-இல் அமெரிக்காவில் விற்ற பல இலட்சம் தாங்கிகளைத் திரும்பப் பெற்றார்கள். கொண்டி பல்லில் சரியாகப் பிடிக்காததே காரணம். ஊசி செருகும் தாங்கியானால் ஊசி மறுபக்கம் வெளியே தெரிய வேண்டும். பிறகு ஜேக்கை மெல்ல இறக்கி, எடையைத் தாங்கியின்மேல் விடுங்கள். பக்கவாட்டில் நின்று காரை இரு கையாலும் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். விழுகிற கார் இப்போதே விழட்டும், அடியில் ஆள் இல்லை. அசையாமல் நின்றால், உபரி டயரைக் காரின் ஓரத்துக்கடியில் படுக்க வைத்துவிட்டு உள்ளே போகலாம்.

செங்கல், ஓட்டைச் சிமெண்டுக் கல், மரத்துண்டு, இவற்றைத் தாங்கியாக வைக்காதீர்கள். கல் முன்னறிவிப்பின்றிப் பொடியாகும். உருண்டை மரம் புரளும்.

தாய்மார்களுக்கும் இதில் பங்கு உண்டு. மகனோ கணவரோ அடியில் இருக்கும்போது ஒருவர் வெளியே நின்று கவனியுங்கள். சிறு பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். காரில் யாரும் ஏறவோ கதவைச் சாத்தவோ கூடாது. "தாங்கி வைத்தாயா?" என்று தாய் கேட்டால் மகன் கோபித்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும். தப்பித் தவறிக் கார் இறங்கிவிட்டால், அகப்பட்டவரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒருவர் 999-க்கு அழைக்கட்டும். மற்றவர் ஜேக்கைக் கொடுத்துத் தூக்கி, தூக்கத் தூக்க டயரையோ பலகையையோ அடியில் தள்ளுங்கள்.

ஒரு ஜோடித் தாங்கி வாங்க எல்லா வீட்டிலும் கை நீளாது. துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டமும் அவற்றில் ஒன்று. அந்த வழி வந்தவர்கள், பத்து வீடு சேர்ந்து இரண்டு இரும்புத் தாங்கி வாங்க முடியாதா? வாங்கி ஒரு வீட்டில் வையுங்கள். காரைத் தூக்குமுன் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.