முன் அனுபவம் யாருடைய சொத்து?

(மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். அது பெரிய தலைப்பு, பொருளாதாரம் படித்தவர்கள் பேசட்டும். நான் வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவன், மிச்ச நேரத்தில் கவிதை எழுதுகிறவன். வேலை விளம்பரங்களின் கடைசியில் பொடி எழுத்தில் வரும் ஒரே ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: 'முன் அனுபவம் தேவை.'

வேலை கிடைத்தால்தான் அனுபவம் வரும், அனுபவம் இருந்தால்தான் வேலை. இது படித்த எல்லாருக்கும் உள்ள சிக்கல்தானே, இதில் சாதி எங்கே வந்தது என்று நம் தோழர்களே சிலர் கேட்கிறார்கள். பூட்டு எல்லாருக்கும் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். சாவி யார் வீட்டில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பி.காம். முடித்த வருசம் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போனேன். டேலி தெரியும், டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருந்தேன். "எங்கியாவது வேலை பாத்திருக்கியா தம்பி?" என்றார். "இல்ல சார்." "சரி, எந்த ஊரு?" சொன்னேன். "அங்க எந்தப் பக்கம்? கோயில் பக்கமா, ஏரிக்கரைப் பக்கமா?" அதையும் சொன்னேன். "அனுபவம் உள்ள ஆளாப் பாத்துக்கிட்டு இருக்கோம்பா."

அதே மாதம் அதே நாற்காலியில் என் வகுப்புப் பையன் போய் உட்கார்ந்தான். அவனும் என்னோடு பரீட்சை எழுதியவன்தான். ஆனால் அவன் கையில் ஒரு வருட அனுபவச் சான்றிதழ் இருந்தது, அவனுடைய பெரியப்பா நடத்தும் சிமெண்டு ஏஜென்சியின் லெட்டர்பேடில். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல பையன், இன்றைக்கும் பேசுவான். நம்ம வீட்டுப் பையன் கடன வாங்கிக் காசு குடுத்து இப்படி ஒரு தாள் வாங்கினா அதுக்குப் பேரு மோசடி. பெரியப்பா குடுத்தா அதுக்குப் பேரு குடும்பப் பின்னணி.

இந்தக் 'குடும்பப் பின்னணி' என்பது என் சொல் இல்லை. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஆளெடுக்கும் மேலாளர்களைப் பேட்டி கண்டு எழுதிய கட்டுரையில் இது வருகிறது. நாங்கள் சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் பார்க்கிறோம் என்கிறார்கள். அடுத்த மூச்சில், குடும்பப் பின்னணியைக் கேட்போம் என்கிறார்கள். 2007-இல் அதே வார இதழில் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரின் ஆய்வும் வந்தது. தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்று என்றால் தலித் பெயருக்கு ஏறத்தாழ இரண்டு. ஆக, கேட்கிற அனுபவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கதவு பாதிதான் திறக்கிறது. இங்கே நாம் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. அதனால்தான் அவர்களுக்கு ஏரிக்கரைப் பக்கமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அனுபவம் இல்லாதவர்களா நாம்? எங்க நைனா 22 வருசம் டேனரியில் தோல் பதனிட்டார். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலை விரலால் அழுத்திப் பார்த்தே போதுமா, இன்னும் ஊறணுமா என்று சொல்லிவிடுவார். அந்த விரல்களில் நகம் சரியாக இருந்து நான் பார்த்ததில்லை. அவர் பெயர் கான்ட்ராக்டருடைய நோட்டில் மட்டும்தான் இருந்தது. அந்த இடத்தை மூடியபோது பி.எஃப். இல்லை, ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அடுத்த கம்பெனி வாசலில் அவர் 'புது ஆள்', புது ஆளுக்கு என்ன கூலியோ அதுதான் அவருக்கும். நம் ஆட்களுக்கு அனுபவம் ஏறுகிறது, ஆனால் எந்தத் தாளிலும் ஏறுவதில்லை.

முன் அனுபவமே கேட்காத வேலை ஒன்று உண்டு, பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்குவது. அதற்கு நேர்முகத் தேர்வு இல்லை. பயிற்சி கொடுத்தாயா, கவசம் கொடுத்தாயா என்று கேட்பாரில்லை, சேரியைத் தேடி வந்து கூட்டிப் போகிறார்கள். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் சொன்னது, 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது, இறக்கிவிடுவது நின்றபாடில்லை. இங்கே மட்டும் சாதியே அனுபவச் சான்றிதழாகிவிடுகிறது.

அண்ணலைப் பார்த்துச் சட்டம் படிக்க வந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் துறையில் அனுபவம் என்பது சீனியரிடம் ஜூனியராக இருப்பது. பஸ் காசுக்கும் பத்தாத பணத்தை வாங்கிக்கொண்டு, சில இடங்களில் அதுவும் இல்லாமல், இரண்டு மூன்று வருசம் கட்டுத் தூக்க வேண்டும். சென்னையில் வாடகையை யார் கொடுப்பது? அப்பா கொடுக்க முடிந்தவன் நிற்கிறான், முடியாதவன் ஊருக்குத் திரும்பி வேறு பிழைப்புப் பார்க்கிறான். அப்புறம், நம் ஆட்களில் திறமையான வக்கீல்கள் குறைவு என்று நம்மிடமே சொல்கிறார்கள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. உங்கள் சீனியர் கொடுக்கிறாரா என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

நான் வங்கிக்குள் வந்த கதையில் வீரம் ஒன்றுமில்லை. கிளார்க் தேர்வுக்கு அனுபவம் கேட்க மாட்டார்கள். பட்டம், பரீட்சை, இடஒதுக்கீடு, அவ்வளவுதான். எந்தத் தெரு என்று விடைத்தாள் கேட்கவில்லை. இடஒதுக்கீட்டில் வந்தவன் என்று கேண்டீனில் கிசுகிசுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆமாம், அப்படித்தான் வந்தேன். பெரியப்பா லெட்டர்பேடும் இடஒதுக்கீடுதான். அதற்கு அரசாணை இல்லை, சதவீத வரம்பு இல்லை, யாரும் வழக்குப் போடுவதுமில்லை.

ஆனால் என்னைப்போல் பரீட்சை எழுதி உள்ளே வரக்கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலான வேலை தனியாரிடம் இருக்கிறது, அங்கே நமக்கு ஒதுக்கீடு இல்லை. ஆனாலும் தனியாரையும் கட்டுப்படுத்துகிற ஒரு சட்டம் இருக்கிறது, நாம் அதைத் தொடுவதே இல்லை: 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், அப்ரண்டீஸ் சட்டம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அந்த எண்ணிக்கையில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டீஸ்களை எடுத்தாக வேண்டும், உதவித்தொகையும் கொடுக்க வேண்டும். அரசு அறிவித்த தொழில்களில் அந்த இடங்களிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு உண்டு, 1973-இல் சேர்த்த பிரிவு அது. ஓட்டையும் இருக்கிறது. அப்ரண்டீஸ் தொழிலாளி இல்லை என்று அதே சட்டம் சொல்கிறது, குறைந்த காசுக்கு வேலை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். இருந்தாலும் முடித்தவன் கையில் யாரும் மறுக்க முடியாத ஒரு தாள் இருக்கும். அந்த முதல் தாளுக்காகத்தானே இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த மாவட்டத்தில் இருக்கிற பொதுத்துறை நிறுவனங்களிலிருந்து தொடங்கலாம். கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை அப்ரண்டீஸ் எடுத்தீர்கள், அதில் பட்டியல் சாதி எத்தனை, பழங்குடி எத்தனை, காலியாக விட்ட இடம் எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்போம். இப்போது எங்காவது வேலையில் இருப்பவர்கள், டீக்கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையாக இருந்தாலும் சரி, சேர்ந்த தேதி போட்டு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் வந்து சொல்லுங்கள். மனுவின் மாதிரி எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் நிற்கிற தோழரிடம் இருக்கிறது, பத்து ரூபாய் கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்பதையும் அவரே சொல்வார். வாங்கிக்கொண்டு, பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.